டாக்டரம்மா பெர்மிஷன்

மும்பை லோக்கல் ரயிலில், பாண்டுப் ஸ்டேஷனில் ஏறிய இரண்டு பெண்கள் லேடீஸ் டப்பாவில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இளையவளின் புஜத்தில் சுகர் பார்க்கும் சென்சார் ஒட்டியிருந்தது.

“மதினி, நாங்க இனிமே பிள்ள பெத்துக்கலாம். டாக்டரம்மா பெர்மிஷன் குடுத்துட்டாங்க.”

“அதுக்குக்கூடவா பெர்மிஷன்?”

“எனக்குப் பள்ளிக்கூடம் படிக்கையிலேயே சுகர் வந்துட்டுல்லா? மொதல்ல அதக் கட்டுக்குள்ள கொண்டுவரணும், இல்லன்னா பிள்ளைக்கு ஆபத்துன்னாங்க. நேரந்தவறாம இன்சுலின் போட்டேன். ஒரு வருஷமா வடா பாவத் தொடல.”

“என் தம்பி?”

“அவரும் தொடல. வடா பாவத்தான் சொல்லுதேன்.”

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனுக்கு போன் போட்டாள். அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடும் இரைச்சல்.

“டாக்டரம்மா சரின்னுட்டாங்க! எதுக்கா? பிள்ளைக்கு! பிள்ள பெத்துக்கலாமாம்!”

டப்பாவே அவளைத் திரும்பிப் பார்த்தது. போனில் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது.

“வீட்டுக்குப் போயிட்டியா? கடைய அடைச்சிட்டு இப்பமே வாரேன்!” என்றது ஒரு குரல், எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி.

மதினி போனைப் பிடுங்கினாள்.

“ஏலே, நாங்க இன்னும் வண்டியிலதான் இருக்கோம். நீ மொதல்ல தையலப் பாரு!”