கணக்கில் சாகாத சுலோசனா

என் பெயர் இராமச்சந்திரன், வயது 54, தகப்பனார் பெயர் மாதப்பன். சொந்த ஊர் கொள்ளேகால். தற்போது மைசூரு மேட்டகள்ளியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு கொத்தனார் வேலை செய்து வருகிறேன்.

என் மனைவி சுலோசனாவும், கொள்ளேகாலில் இருக்கும் அவள் தங்கை நாச்சம்மாளும் இரத்தக் கொதிப்புக்குப் புது மாத்திரை கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். முதல் வருடம் இருவருக்கும் கொதிப்பு நன்றாக இறங்கியது. அதன் பிறகு சுலோசனாவுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, பஸ் ஏற முடியாமல் போனது. ஆராய்ச்சி ஆபீசிலிருந்து போன் வந்தபோது இனி வர முடியாது என்றேன். அவர்கள் காரணம் கேட்கவில்லை. அதன் பிறகு தீபாவளிக்கு முன் அவள் சமையல்கட்டில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவில் என் மடியிலேயே இறந்துபோனாள்.

நேற்று காலை ஆராய்ச்சியில் உள்ளவர்களைக் கூட்டிப் பேசினார்கள். நாச்சம்மாளுக்குத் துணையாக நானும் போனேன். கணக்குப் பார்க்கும் நிக்கோல் மேடம், மாத்திரை நல்ல பலன் தருவதாகச் சொன்னார். நான் எழுந்து, பாதியில் நின்றவர்களைக் கணக்கில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நின்னுட்டவங்களுக்கு, கடைசியா வந்தப்ப இருந்த பிரஷரையே முடிவு வரைக்கும் வச்சுக்குவோம் அண்ணா" என்றார்.

சுலோசனா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து, "நல்லா இருக்காங்க" என்றார். அவள் இறந்துவிட்டாள் என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு பெரிய டாக்டர் வால்டர் என்னை வெளியே போகச் சொன்னார். நான் நாச்சம்மாள் கையிலிருந்த மாத்திரைப் பையைப் பிடுங்கி, மேசைமேல் மற்றவர்களுக்காக அடுக்கியிருந்த டப்பாக்களையும் அள்ளிக்கொண்டு ஓடி, ரோட்டோரச் சாக்கடையில் கொட்டினேன். பிடிக்க வந்த வாட்ச்மேனைத் தள்ளியதில் அவர் முழங்கை கிழிந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அதன் பிறகு என்னைப் பிடித்து இந்த போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். நிக்கோல் மேடம் இங்கே வந்தார். பாதியில் நின்ற எல்லோரையும் வீடு தேடிப் போய் விசாரித்து மறுபடி கணக்குப் போட வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். சுலோசனா மாத்திரையால்தான் இறந்தாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றும், அது தெரியும்வரை மற்றவர்களுக்கு மாத்திரை நிற்காது என்றும் சொன்னார்.

நாச்சம்மாளும் வந்தாள். நிறுத்திவிடு என்று அவளைக் கும்பிட்டேன். "எனக்கு இது நல்லாத்தானுங்க மாமா கேக்குது. அக்கா விதி அது" என்று சொல்லிவிட்டு, புதிதாகக் கொடுத்த மாத்திரையோடு ஊருக்குப் பஸ் ஏறப் போய்விட்டாள்.

என்மேல் எந்த கேஸ் வேண்டுமானாலும் போடுங்கள். யாராவது அடிக்கடி அவள் வீட்டுக்குப் போய், அவளால் நடக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்து வாருங்கள்.

நான் தமிழில் சொன்னதைக் கன்னடத்தில் எழுதி, திரும்பத் தமிழில் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்) இராமச்சந்திரன்

என் முன்பாக: உமேஷ், உதவி ஆய்வாளர்