பத்துத் தோட்டாத் துப்பாக்கி

எனக்குக் குற்றாலத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, ஐயா. தென்காசியில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் ஊர் சிரிக்கும்; சிரிக்கவும் செய்கிறது. சாரல் விழுந்தால் எல்லோரும் அருவிக்குப் போவார்கள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு பண்ணையாரின் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பேன்.

பெயர் மந்திரமூர்த்தி, வயது நாற்பத்து நாலு. போன யுத்தத்தில் மெசபடோமியாவுக்குப் போய் வந்தவன். அங்கே நான் சுட்ட எதிரி ஒருவருமில்லை. மூன்று வருஷமும் என்னோடு சண்டை போட்டது வயிற்றுக்கடுப்பு ஒன்றுதான். அதிலும் நான் ஜெயித்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் லீ என்ஃபீல்டு துப்பாக்கியைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் பூட்டுவேன். மனைவியைப் பற்றி இதில் பாதி தெரிந்திருந்தால் அவள் தாய்வீட்டுக்குப் போயிருக்க மாட்டாள்.

செத்துப்போன மாடக்கண்ணுவும் அதே யுத்தத்தில் இருந்தவன். துருக்கியரிடம் பிடித்த மவுசர் துப்பாக்கிகளைப் பஸ்ராவில் ஒரு கிடங்கில் காவல் காத்துக்கொண்டிருந்தான். எதிராளியின் துப்பாக்கி மேல் ஆசை வைத்து ஊர் திரும்பினான். மேலகரத்துப் பண்ணையாரிடம் இரண்டு வகையும் இருந்தன. வயலில் இறங்கும் பன்றிகளைச் சுட எங்கள் இருவரையும் வைத்திருந்தார். இந்த வருஷம் ஒரு துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. எது நல்லதோ அது இருக்கும், அதைச் சுடுகிறவன் இருப்பான், மற்றவன் போகலாம் என்றார் பண்ணையார்.

நியாயமாகவே பேசுகிறேன். மவுசரின் போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு, முன்பக்கம் பூட்டிக்கொள்ளும்; கெட்டியானது. வெடித்த தோட்டாவின் கூடு சூட்டில் ஒட்டிக்கொண்டாலும் கவ்வி இழுத்துவிடும். குறியும் பிசகாது. லீ என்ஃபீல்டு பின்பக்கம் பூட்டும். அதனால் போல்ட் ஓடும் தூரம் குறைவு. துப்பாக்கிக் கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடலாம். சேறு பட்டாலும் ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மவுசரில் ஐந்து தோட்டா, இதில் பத்து. பத்து என்பது ஐந்தை விட அதிகம் என்று எட்டு வருஷமாக அவனுக்கு விளக்கினேன்.

"மொதக் குண்டுலயே பன்னி விழுந்துட்டா மிச்சம் ஒம்பத வச்சு என்ன செய்யப் போறீய அண்ணாச்சி?" என்பான். காப்பிக்கடையே சிரிக்கும். எனக்கு அது ரொம்ப வலித்தது, ஐயா.

ஐந்தருவிக்குப் போகும் வழியில், ஒரு குளத்தங்கரையில், எது நல்லது என்று சுட்டுப் பார்க்கக் குறிப்பலகை நட்டோம். பட்டாளத்து வழக்கப்படி பலகைக்கு அடியில் குழியும் வெட்டினோம். ஒருவன் சுடும்போது மற்றவன் குழிக்குள் உட்கார்ந்து சத்தத்தை எண்ணுவான். முடிந்ததும் ஏறி வந்து ஓட்டைகளில் விரல் வைத்துக் காட்டுவான். பட்டாளத்தில் அதற்கு முன் சுடாதே என்று சிவப்புக் கொடி தூக்குவார்கள். நமக்குள் எதற்குக் கொடி என்று விட்டுவிட்டோம்.

"ஆளுக்கு அஞ்சுதான் அண்ணாச்சி. அஞ்சாவது சத்தம் கேட்டதும் நான் ஏறி வந்துருவேன்" என்றான்.

மவுசரில் ஐந்துதான் கொள்ளும் என்பதற்காக என் துப்பாக்கியைப் பாதியாக்கினான். நான் பத்துப் போட்டேன். மறதியில் அல்ல, எண்ணித்தான் போட்டேன். எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை என்றே இன்றுவரை நம்புகிறேன்.

அவன் முதலில் சுட்டான். ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்திருந்தன. குழியிலிருந்து ஏறி வந்து நான்தான் விரல் வைத்துக் காட்டினேன். அடுத்து என் முறை. மூன்று குண்டு பின்னாலிருந்த கரையில் சேற்றைத் தெறிக்கவிட்டன. மற்ற இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. பண்ணையார் குடைக்குள் நின்று தொண்டையைச் செருமினார். மாடக்கண்ணு ஏறி வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டைகளைத் தேடினான். பொறுமையாகத் தேடினான். நான் போல்ட்டைத் தள்ளினேன்.

தானாக வெடித்துவிட்டது என்று கத்தியவனும் நான்தான். பழைய பழக்கத்தில் பத்துப் போட்டுவிட்டேன், விசை தேய்ந்திருக்கும் என்றேன். நீங்களும் ஸ்டேஷன் புத்தகத்தில் விபத்து என்றே எழுதினீர்கள். பண்ணையார் வேலையை எனக்குக் கொடுத்தார், மவுசரோடு. இவ்வளவும் செய்து கடைசியில் மவுசருக்கு எண்ணெய் போடுகிறவனானேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் அவன் மனைவி சொக்கம்மாள் என்னைத் தேற்றினாள். "நீங்க என்ன செய்வீய அண்ணாச்சி? அந்தப் பாழாப்போன துப்பாக்கி செஞ்ச வேல" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தன் புருஷனுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவளும் அழுதாள்.

ஆளைக் கொன்ற துப்பாக்கி என்று லீ என்ஃபீல்டை உடைக்க நாளைக் காலை கொல்லன் வருகிறான். அதனால்தான் இன்றே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். விசை தேயவில்லை. முதல் ஐந்தும் என் கை நடுக்கத்தால் போனவை. ஆறாவதுக்குக் கை நடுங்கவில்லை. நான் குறி வைத்த இடத்தில், இடது தோள்பட்டைக்குக் கீழே, சரியாகப் பட்டது. அது ஒரு பாவமும் அறியாத துப்பாக்கி, ஐயா. அதை உடைக்கவிட்டுச் சும்மா இருப்பது மனசாட்சி உள்ளவன் செய்கிற காரியமா?