லாக்கில் நின்றுபோன வரி

எனக்கு அவசரக்காரர்களைக் கண்டாலே ஆகாது ஐயா. மின்சாரம் போய் சர்வர் பொத்தென்று நின்றுவிட்டால், பதிவுகளெல்லாம் இருக்கும் டேட்டாபேஸை எடுத்த எடுப்பில் திறக்கக் கூடாது. முதலில் உள்ளதை உள்ளபடி ஒரு நகல். கடைசியாகப் பதிந்தவை உரிய இடத்தில் சேரும்வரை லாக் என்ற கோப்பில்தான் நிற்கும்; அதைப் பொறுமையாக ஓட்டி முடித்த பிறகே திறக்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் இதைப் பாடமாக எடுத்தவனே நான்தான்.

அன்று மதியம் யுபிஎஸ் காலை வாரிவிட்டது. நகல் எடுத்தேன், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் டைரக்டர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். லாக்கை ஓட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திறந்தேன். உடனே திறந்தது.

"ஒண்ணும் போகலையே?"

"ஒரு வரிகூடப் போகல சார்."

"நீ இருக்கிறப்ப எனக்கென்ன கவலை," என்று தோளில் தட்டினார். மறைப்பானேன், வயிறு குளிர்ந்தது.

அவர் போனதும் நகலில் லாக்கை ஓட்டிப் பார்த்தேன். விடுபட்டவை பெரும்பாலும் சில்லறை. ஒன்று மட்டும், மூன்றாம் மாடியில் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த பஸ் டிரைவருடையது. சாயங்காலம் போடவேண்டிய ஊசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது, போட்டால் மூச்சு அடைத்துவிடும். அவர் மனைவி சொல்லி, நர்ஸ் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறாள். அந்த நர்ஸ் என் மனைவியின் தங்கை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாள். எங்களிடம் வாய்வார்த்தைக்கு இடமில்லை, திரையில் இருப்பதுதான் சட்டம். அந்த ஏற்பாடும் நான் கொண்டுவந்ததுதான்.

போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஊசிக்கு நேரமும் இருந்தது. ஆனால் மூன்றாம் மாடிக்குச் சொன்னால் டைரக்டருக்குச் சொன்ன மாதிரிதான். சொன்ன வாய் மூடுவதற்குள் மாற்றிப் பேசினால் என் பேச்சுக்கு என்ன மதிப்பு? யாராவது அந்த மனைவியை ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு டீ குடித்தேன். மாடியில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்ட பிறகு நகலை அழித்தேன்.

டிரைவரைக் கொன்றவள் என்று எல்லாரும் மைத்துனியைக் கரித்துக் கொட்டினார்கள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தான், நான் ஏத்தினேன். சத்தியமா ஏத்தினேன். நீங்களாவது நம்புங்க."

எனக்கும் கண் கலங்கியது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "நல்லா யோசிச்சுப் பாரும்மா. வேலை மும்முரத்துல மறந்திருப்பே," என்று எடுத்துச் சொன்னேன். அவள் வெகுநேரம் அழுதாள். கடைசியில், மறந்துதான் போயிருப்பேன் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். அந்த மட்டில் அவள் மனதுக்கு ஒரு தெளிவு கொடுத்தவன் நான்தான் ஐயா.