கூட்டத்துக்குப் போகாத படங்கள்

புற்றுநோய் நோயாளிகளுக்கு என்ன சிகிச்சை என்று முடிவு செய்யும் எங்கள் ஆஸ்பத்திரியின் புதன்கிழமைக் கூட்டத்தில் தரும் வடையை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. அறுவை சிகிச்சை செய்பவர், புற்றுநோய் டாக்டர், திசுப் பரிசோதனை செய்யும் ஆர்த்தி எல்லோரும் அதைச் சாப்பிட்டபடி, நான் திரையில் காட்டும் ஸ்கேன் படங்களைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள்.

ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. கூட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு படத்தையும் நான் மறுபடி படிக்க வேண்டும், பழைய படங்களைத் தேடி ஒப்பிட வேண்டும், கட்டியைத் திரும்ப அளக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை முழுக்க அதிலேயே போய்விடும். அன்று வந்த புதுப் படங்கள் குவிந்து கிடக்கும். இன்னொரு ஆளைப் போடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டேன். வடையோடு காபியும் சேர்த்தார்கள்.

நான் கோபப்படவில்லை, யோசித்தேன். புற்றுநோய்ச் சந்தேகம் என்று நான் எழுதினால்தான் ஒரு படம் கூட்டத்துக்குப் போகும். இதுவோ பட்டாசு ஊர். நுரையீரலில் எந்த நிழல் தெரிந்தாலும், தொழிற்சாலைத் தூசியால் வந்த பழைய தழும்பு என்று எழுதிவிட்டால் மறுபேச்சு இருக்காது.

பட்டாசு ஆலையில் வேலை பார்த்த திருத்தங்கல் வேலுத்தாயின் படத்தில் இருந்தது தூசி இல்லை. பார்த்த உடனே தெரிந்தது. அவள் கணவன் தங்கச்சாமி வாசலில் நின்றுகொண்டு கேட்டான்.

"தூசிதான டாக்டரய்யா? வேற ஒண்ணுமில்லைல்ல? சீசன் முடியவும் நாலு நாளு லீவு போடச் சொல்லுதேன்."

"தூசிதான்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நிம்மதியாகப் போனான். அந்த நிம்மதியைக் கொடுத்தவன் நான்.

தீபாவளி கழிந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பொங்கலுக்கு அவள் இல்லை.

அப்போதுதான் ஆர்த்தி கேட்டாள். "ஒரு வருசமா உங்ககிட்ட இருந்து ஒரு நுரையீரல் கேஸ்கூடக் கூட்டத்துக்கு வரலையே சார், எப்படி?" அவள் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்களைச் சந்தேகப்பட்டால் ஆஸ்பத்திரி நடக்காது.

விசாரிக்க வந்த நீங்கள், வேலுத்தாய் மாதிரி எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அதுவும் ஒரு வேலைதான். ஆனால் கவனக்குறைவு என்று மட்டும் எழுதிக்கொள்ள வேண்டாம். எல்லாமே தெரிந்துதான் எழுதினேன். கூட்டத்தால் யாருக்கும் உயிர் மிஞ்சுவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

போன மாதம் என் மனைவிக்கு விடாத இருமல். மதுரைக்கு அழைத்துப் போனேன். படம் எடுக்கும் முன்பே, இங்கே எல்லா டாக்டர்களும் உட்கார்ந்து பேசுகிற கூட்டம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.