வாத்துக்குப் போட்ட அப்பம்

"எங்கட பாஸ்டர் திருவிருந்து அப்பத்தை வாத்துக்குப் போடுறார்."

ஒடாஹுஹு நிலையத்தில் ரயில் ஏறிய யாழ்ப்பாணத்து அக்கா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனாலும் பின் இருக்கையில் இருந்த எனக்குக் கேட்டது. அவரோடு வந்த திருநெல்வேலி அம்மா போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"ஆசீர்வதிச்ச அப்பமா? நல்லாப் பாத்தீங்களா?"

"ஓம், ஆராதனையில மிஞ்சினது. குளத்தடியில என்ர கண்ணால கண்டனான். கேட்டா, முந்தி இங்கிலாந்தில மிச்சத்தைப் போதகரே வீட்டை கொண்டு போகலாம் எண்டு ஒழுங்கு இருந்ததாம்."

"இருந்துச்சு. அதுக்கு எவ்வளவு சண்டை! அப்புறம் கோயில்லயே சாப்பிட்டு முடிக்கணும்னு மாத்திட்டாங்கல்ல, அதைச் சொல்லலையா?"

"சொல்லேல்ல. ஆராதனை முடிஞ்சா அது வெறும் பாணாம். வெறும் பாண் எண்டா, என்னைக் கண்டவுடன ஏன் பையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சவர்?"

திருநெல்வேலி அம்மா அக்கா பக்கம் சாய்ந்தார்.

"வாத்து திங்காம கீழ சிந்திக் கெடந்ததை என்ன பண்ணீங்க?"

"பொறுக்கிச் சாப்பிட்டனான்."

"ஐயையோ, வாத்து மிதிச்ச இடமாச்சே! கழுவாமலா?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்களும் பாஸ்டரின்ர பக்கமோ?"