டி.எஸ்.எல் விளக்கு சிமிட்டுது

அண்ணி: இல்ல தம்பி, ரவுட்டர்ல மூணு விளக்கு எரியுது. நடுவுல ஒண்ணு மட்டும் சிமிட்டிக்கிட்டே இருக்கு.

தம்பி: அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு அண்ணி?

அண்ணி: டி.எஸ்.எல்னு... காலையிலருந்து இப்படித்தான். நெட் வரலை.

தம்பி: சுவத்துலருந்து வர்ற டெலிபோன் ஒயர் நேரா ரவுட்டருக்குப் போகுதா?

அண்ணி: ஆமா.

தம்பி: போகக் கூடாது. போனையும் நெட்டையும் பிரிக்கற ஸ்ப்ளிட்டர்னு ஒரு சின்ன வெள்ளை டப்பா குடுத்திருப்பாங்களே, அது வழியாத்தான் போகணும்.

அண்ணி: நடுவுல எதைச் சொருகினாலும் லைன் வீக்காயிடும்னு...

தம்பி: யார் சொன்னா?

அண்ணி: நானாத்தான் நினைச்சேன்.

தம்பி: முப்பது வருஷம் டெலிபோன் லைன்மேனா இருந்தவங்க மாதிரி நினைக்கிறீங்க. அண்ணன் வீட்ல இருக்காரா?

அண்ணி: வெளியே போயிருக்கார். இருந்தா உனக்கு போன் போட விடுவாரா?

தம்பி: இன்னுமா கோவம்...

அண்ணி: பின்னே? அவர் நாலு பேர் கால்ல விழாத குறையா வாங்கிக் குடுத்த வேலை. அதை விட்டுட்டு நீ வேற கம்பெனிக்குப் போனதுகூடப் பெருசில்ல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். கூட வேலை பார்த்தவங்க சொல்லித்தானே அவருக்குத் தெரிஞ்சுது. மூணு வருஷமா உன் பேரை எடுக்கலை.

தம்பி: சொன்னா தடுத்துடுவாரோன்னு பயம் அண்ணி. தப்புதான். எத்தனை தடவை போன் பண்ணிட்டேன்... என் குரலைக் கேட்டதும் வச்சிடறார்.

அண்ணி: ம்... சரி, டப்பாவை மாட்டியாச்சு. விளக்கு நின்னு எரியுது.

தம்பி: அதுக்குள்ளயா? என்கூடப் பேசிக்கிட்டேவா?

அண்ணி: ஏன், எனக்கு ரெண்டு கை இல்லையா?

தம்பி: ஒரு கையில செல்போன் இருக்கே.

அண்ணி: தோள்ல இடுக்கிக்கிட்டேன். மேல சொல்லு.

தம்பி: கம்ப்யூட்டர்ல ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, கம்பெனி குடுத்த பேரையும் பாஸ்வேர்டையும் அடிங்க... யாரு அங்க இருமறது?

அண்ணி: டிவி.

தம்பி: டிவிக்கு எப்பலருந்து இருமல்?

அண்ணி: பத்து நாளா.

தம்பி: மாத்திரை போட்டுக்கிச்சா?

அண்ணி: சொன்னா கேட்டாத்தானே. கஷாயம் வச்சுக் குடுத்தா ஜன்னல் வழியா ஊத்திடுது.

தம்பி: நெஞ்சுல கட்டிக்கப் போகுது அண்ணி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வரலைன்னா... நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுங்க.

அண்ணி: டிவிகிட்டயா?

தம்பி: ஆமா. டிவிகிட்டதான்.

அண்ணி: இரு தம்பி, இதோ வர்றேன்.

தம்பி: அண்ணி? லைன்ல இருக்கீங்களா?

அண்ணி: இருக்கேன், இருக்கேன். பேர், பாஸ்வேர்டு எல்லாம் அடிச்சாச்சு.

தம்பி: கீழ சேவ்னு இருக்கும், அழுத்துங்க. ஒரு நிமிஷம் பொறுங்க.

அண்ணி: வந்துடுச்சு தம்பி. மூணும் பச்சை. கம்ப்யூட்டர்லயும் எல்லாம் திறக்குது.

தம்பி: ஓ... வந்துடுச்சா.

அண்ணி: அப்ப வச்சிடவா?

தம்பி: இருங்க, இருங்க. எதுக்கும் ஒரு தடவை ரீசெட் பண்ணிடுங்க. பின்னால சின்ன ஓட்டை இருக்கும். பேனா முனையை விட்டுப் பத்து எண்ணற வரைக்கும் அழுத்தணும்.

அண்ணி: இவ்வளவு நேரம் போட்டதெல்லாம்?

தம்பி: அழிஞ்சுடும். பரவாயில்ல, மறுபடி முதல்லருந்து சொல்றேன்.

அண்ணன்: ஏன்டா, ஓடிக்கிட்டிருக்கறதை எவனாவது அழிப்பானா? உனக்கு இந்த வேலையை யாருடா கத்துக்குடுத்தது?

தம்பி: அண்ணே!

அண்ணன்: கேக்கறேன்ல.

தம்பி: நீங்கதாண்ணே.

அண்ணன்: அப்பறம் எதுக்கு ரீசெட்டு?

தம்பி: நெட் வந்துட்டா போனை வச்சிடுவீங்களேன்னுதான்...

அண்ணன்: போடா. நேத்து உங்க கம்பெனி ஆள் வந்து மாட்டினதுலருந்து அது நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துது. காலையில உங்க அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்து, டப்பாவைக் கழட்டிட்டு, அந்த ஓட்டையில பேனாவை விட்டுப் பத்து எண்ணினது நான்தான்.