பின்னாடி அமுங்குற பிக்கப்

...ஏணியா? அந்தா, அந்த மடக்கு மேசைக்கு அடியில கெடக்குது பாரும்மா. இரு இரு, ஒண்ணும் அவசரமில்ல. காலையிலேர்ந்து இப்படித்தான் உக்காந்திருக்கேன், இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்தா கொறஞ்சா போயிருவேன்? கீழ பிக்கப் வண்டியே இல்லாம, அது முதுகுல ஏத்துற கேம்பர் வீடு மட்டும் நாலு இரும்புக் காலுல நிக்குது, அதோட வாசல்ல ஒரு கெழவி காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு... பைத்தியம்னுதான நெனச்ச? நெனச்சிருப்ப. நானா இருந்தா நெனச்சிருப்பேன்.

என் பேரு லவான். ஐடஹோக்காரி. நீ நேத்து சாயங்காலம் கூடாரம் அடிச்சியே, அப்பவே பாத்தேன். அது உன்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போகப் பாத்துச்சு. இந்த அரிசோனா காத்து அப்படித்தான்... என்ன கேட்ட? இந்த மாதிரி கூரை தூக்குற கேம்பர் ஒண்ணு வாங்கலாமான்னா? எந்தப் பிக்கப்புல ஏத்தலாம்னா? ஐயோ ராசாத்தி! கேக்கக்கூடாத ஆள்கிட்ட வந்து கேட்டுட்டியே!

எங்க வீட்டுக்காரரு ஆரின் இருக்காரே, மூணு குளிர்காலம் இதையேதான் படிச்சாரு. வெளிய பனி கொட்டுது, மனுஷன் கராஜ் தரையில டேப்பு ஒட்டி கேம்பர் அளவுக்குக் கட்டம் போடுறாரு. "லவான், இதுதான் கட்டில், படு"ன்னாரு. வெறும் சிமெண்டுல படுத்தேம்மா! "இப்ப ராத்திரி உனக்கு ஒண்ணுக்கு வருது, எந்திரிச்சுப் போ"ன்னாரு. போனேன். "அடுப்பை மிதிச்சுட்ட"ன்னாரு! எங்க இருக்கு அடுப்பு? டேப்பு! டேப்பை மிதிச்சதுக்கு அந்தப் பேச்சு பேசுனாரு.

ஆனா ஒண்ணு சொல்றேன், தேர்ந்தெடுத்தது நல்ல சரக்கு. ஓடுறப்ப கூரை அமுங்கிக் கெடக்கும், காத்து பிடிச்சுத் தள்ளாது. நிறுத்தி, கூரையைத் தூக்கி விட்டா நாலு பக்கமும் துணிச் சுவரு. ராத்திரி நரி ஊளையிட்டா தலைமாட்டுல உக்காந்து ஊளையிடுற மாதிரி இருக்கும். குளிரும், இல்லேங்கல. ஆனா எடை கம்மி. அதான் முக்கியம். நீ வாங்குறதா இருந்தா மொதல்ல வண்டியைப் பாரு. டிரைவர் கதவைத் தொறந்தா ஓரத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எவ்வளவு தாங்கும்னு போட்டிருக்கும். ஊருல பாதிப் பேரு கேம்பரை வாங்கிட்டு அப்புறந்தான் அதைப் படிப்பான். சட்டையைத் தைச்சுட்டு மாப்பிள்ளை தேடுற கதை.

எங்க ஆரின் அப்படியில்ல. வண்டிக்கு ஏத்த மாதிரிதான் கேம்பரை வாங்குனாரு. வண்டி யாருதுங்கிற? என்னுது! என் சம்பளத்துல வாங்குனது. தபால்காரியா மண்ரோட்டுல வீடு வீடாத் தபால் போட்டேன், அந்த வண்டியிலதான். பனியில, சேத்துல, ஒரு நாள் என்னை நடுவழியில விட்டதில்ல. பச்சைக் கலரு. மத்தவங்களுக்குப் பாசிக் கலரு மாதிரி தெரியும், அது அவங்க கண்ணு கோளாறு.

மொத வருஷம் தங்கமா ஓடிச்சு. அப்புறம் என்னாச்சோ... பின்பக்கம் அமுங்க ஆரம்பிச்சுது. மூக்கு வானத்தைப் பாக்குது. ஹெட்லைட்டு ரோட்டுல விழாம மரத்து உச்சியில விழுது. எதிர்ல வர்றவன் எல்லாம் லைட்டை அடிச்சு அடிச்சுத் திட்டுறான். ஆரின் ஸ்பிரிங்கை மாத்துனாரு. அமுங்குச்சு. ஸ்பிரிங்குக்குப் பக்கத்துல காத்துப்பை வச்சாரு. அமுங்குச்சு. டயரை மாத்துனாரு. சரி, சாமானைக் கொறைப்போம்னு கறி சுடுற அடுப்பை இறக்கிட்டாரு. அவரு சாயுற நாற்காலியை இறக்கிட்டாரு. மீட்டுறதுக்கு வச்சிருந்த பாஞ்சோவைக்கூட வீட்டுல விட்டுட்டு வந்தாரும்மா! பாஞ்சோ போனதுல எனக்கு வருத்தமில்ல, அவரு வாசிக்கிறதை நீ கேட்டதில்ல.

கடைசியில, தன் ஒடம்புதான் கனம்னு நெனச்சு டோனட்டை விட்டுட்டாரு. காலையில டோனட் இல்லாம கண்ணே முழிக்காத மனுஷன்! பெல்ட்டுல ஆணியால புது ஓட்டை போட்டுக்கிட்டாரு. "இப்ப பாரு லவான், இன்னும் அமுங்குதா?"ன்னு கேப்பாரு. நான் பின்னாடி நின்னு பாத்துட்டு, "கொஞ்சம்..."னு சொல்லுவேன். மூஞ்சி அப்படியே தொங்கிப்போயிரும். பாவம்மா. பாவம்.

இன்னைக்குக் காலையில கேம்பரைக் காலுல நிறுத்திட்டு, வண்டியை அடியிலேர்ந்து உருவிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. யூமா டவுன்ல என் வண்டியைக் குடுத்துட்டு, பின்னாடி நாலு டயரு வச்ச ராட்சச வண்டி ஒண்ணை வாங்கப் போறாராம். அதுல ஏறுறதுக்கே எனக்கு ஏணி வேணும்! நீயும் வான்னாரு. என் வண்டியை நானே போய் வித்துட்டு வரணுமா? வரலேன்னுட்டேன். அப்புறந்தான் பாக்குறேன், இறங்குற படி வண்டி பம்பர்லதான மாட்டியிருக்கு, அதுவும் சேந்து போயிருச்சு. என் முட்டிக்கு இங்கேர்ந்து குதிச்சா நேரா ஆஸ்பத்திரிதான்.

போன் பண்ணி விக்க வேண்டாம்னு சொல்லலாமே? சொல்லலாம். ஏன்னு கேப்பாரே! ...என்ன? ஏன்தான் அமுங்குதுன்னா? நல்லாக் கேட்ட போ. உனக்கு இந்த வயசுல இவ்வளவு கேள்வி ஆகாது...

இங்க வா. பக்கத்துல வா. ஏணியை நல்லா ஊனிட்டியா? மேல வா. செருப்போடயே வா, பரவாயில்ல. யாரும் பாக்கலையே? இந்தக் கட்டில் பலகையைத் தூக்கு. தூக்கும்மா... ரெண்டு கையாலயும்... ஆங்.

அப்படி வாயைப் பொளக்காத! கல்லு பாத்ததில்லையா? இந்தக் குவார்ட்சைட் ஊருக்கு எல்லாரும் எதுக்கு வர்றாங்க, வெயிலுக்கா? கல்லுக்கும்மா! இது அகேட்டு. வெளிச்சத்துல பிடி, தேன் மாதிரி இருக்கா? இது மரம். கல்லாப்போன மரம், வளையம் தெரியுதா? இந்த உருண்டையை ஒடைச்சா உள்ள பூரா ஊதாக் கலரு. ஒடைக்க மனசு வரல. இதென்ன... இது சும்மா கல்லுதான். ஆனா அழகா இல்ல?

மொதல்ல ஒரு டப்பாதான் இருந்துச்சு, சத்தியமா. அவரு அடுப்பை இறக்குனாரு, அந்த எடம் சும்மா கெடந்துச்சு. நாற்காலியை இறக்குனாரு, அங்கயும் சும்மா. எடம் சும்மா கெடந்தா நல்லாவா இருக்கு, நீயே சொல்லு? பாஞ்சோ பெட்டி இருந்த எடத்துல எவ்வளவு பிடிக்கும்ங்கிற... சரி, சிரிக்காத. தப்புதான். அந்த மனுஷன் டோனட்டை விட்டப்பவே வாயைத் தொறந்து சொல்லியிருக்கணும். தொறக்கல. மத்ததுக்கெல்லாம் தொறக்குது இந்தப் பாழாப்போன வாயி!

ஒண்ணு செய்யலாமா? இதெல்லாம் உன் கார்ல ஏத்திரு. நான் போன் போட்டு, "விக்காத ஆரின், கேம்பரு என்னமோ லேசாயிருச்சு"ன்னுர்றேன். இந்தா, இதைப் பிடி... இல்ல, இதைக் குடு. இது நான் மொதமொத எடுத்தது. இதைப் பிடி... ஐயோ, இதுல பறவை மாதிரி ஒரு கோடு இருக்கு, நீ கவனிக்கல. குடு, குடு. இந்தா, இந்தச் சின்னது. இதை எடுத்துக்கோ. உனக்கே வச்சுக்கோ. இப்ப கொஞ்சம் லேசாயிருக்கும்ல?

இரு, போன் கூப்பிடுது. மெசேஜு. ஆரின்தான். கண்ணாடி எங்க... "வண்டியை எடை போட்டுப் பாத்தாங்க. வண்டியில ஒரு குறையும் இல்ல. நம்ம கேம்பர் மாதிரி ஒண்ணரை கேம்பர் தாங்குமாம். விக்கல. திரும்பி வர்றேன்." விக்கலையாம்! விக்கலையாம்மா! என் பச்சைக் குட்டி வருது! இரு, கீழ இன்னும் என்னமோ போட்டிருக்காரு... "லவான், உள்ள என்ன வச்சிருக்க?"

...எப்ப அனுப்புனது இது? இங்க சிக்னலு நெனச்சப்பதான வரும்... அங்க பாரு, புழுதி. ரோட்டுல... பச்சை! எவ்வளவு நேரா வருது பாரு, மூக்கைத் தூக்காம, பின்னாடி அமுங்காம, கல்யாணப் பொண்ணாட்டம்... ஐயோ! எறங்கு! பலகையைப் போடு! எறங்கு எறங்கு! அந்த ஏணியை எடுத்துக்கிட்டு ஓடிரும்மா, அது இருந்தா உடனே மேல ஏறிப் பாத்துருவாரு. உன் கூடாரத்துக்குள்ள போட்டு அது மேல படுத்துக்கோ. என்னையா? நான் எங்க எறங்குறது, நான் இங்கயே இருக்கேன். ஓடு!

...ஆரின்! வந்துட்டியா! வா, வா... ஏணியா? இங்க ஏது ஏணி? காலையிலேர்ந்து நானும் அதைத்தான் தேடுறேன்... என்ன பாக்குற? உள்ளயா? உள்ள என்ன, பழைய போர்வை. சரி, சொல்றேன், சொல்றேன். மொதல்ல நீ அப்படியே வண்டியைத் திருப்பு. போய் டோனட் வாங்கிட்டு வா. ஒரு பெட்டி. முழுசா நீயே தின்னு, பெல்ட்டைத் தளர்த்திக்கிட்டுத் தின்னு... உன் எடை இல்ல, ஆரின். என்னைக்குமே உன் எடை இல்ல.